இரும்புப் பெட்டியில் ஒரு குடித்தனம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாண விஷயத்தில் இன்னும் மாற்று வழி ஒன்றும் புலப்படவில்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் ஒரு குறுக்கு வழி இருப்பதாகச் சில வருஷங்களாகப் பேச்சு நடமாடுகிறது. கடைக்கால் தோண்ட வேண்டாம். செங்கற் சூளைக்கு அலைய வேண்டாம். கொத்தனார் வராத நாட்களை எண்ணிக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். நாலு சுவர், தரை, கூரை, கதவு எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரு டிரெயிலர் லாரியில் ஏறி வருகின்றன. கிரேனின் கொக்கியிலிருந்து மெதுவாக இறங்கி, காட்டிய இடத்தில் உட்கார்ந்து விடுகின்றன. கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர் பெட்டியைத்தான் சொல்கிறோம்.

இந்தப் பெட்டிகளைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் போய் வர வேண்டும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு ஏரி. இவற்றுக்கு நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டுத்தான் காட்டுப்பள்ளி. மீனவர்களின் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளுமாக இருந்த அந்தத் திட்டில் 2010-ம் வருஷம் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2012-13-ம் வருஷங்களில் கன்டெய்னர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. பக்கத்திலேயே, 2001-ல் தொடங்கி இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம். இவற்றோடு சென்னைத் துறைமுகத்தையும் சேர்த்தால், திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர்ச் சாலைகளில் இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் வண்டிகளின் கணக்கு விளங்கும். சாலையோரத்துக் கிடங்குகளில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பெட்டி மேல் பெட்டி அடுக்கியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு ராக்ஷசக் குழந்தை விளையாடிவிட்டுப் போட்டுப் போனது போல் தோன்றும்.

பெட்டியின் பூர்வோத்தரம் நீண்டதன்று. அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்னும் லாரி முதலாளி, சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதில் வீணாகும் காலத்தையும் கூலியையும் பார்த்து மனம் புழுங்கி, லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்து விட்டால் என்ன என்று யோசித்தார். 1956-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உலக வியாபாரத்தின் போக்கு அன்று மாறிற்று என்று சொன்னால் அது மிகையாகாது. இந்தியாவில் பெட்டிகளுக்கென்றே தனியாக அமைந்த முதல் துறை சென்னைத் துறைமுகத்தில்தான் 1983-ம் வருஷம் திறக்கப்பட்டது.

கப்பலில் பல வருஷம் உழைத்து அலுத்த பெட்டி விற்பனைக்கு வருகிறது. அதில் மனிதன் குடியேறினால் என்ன என்ற எண்ணமும் பழையதே. பெட்டிகளை வாசஸ்தலமாக மாற்றும் முறைக்கு அமெரிக்காவில் பிலிப் கிளார்க் என்பவர் 1987-ல் மனுப் போட்டு 1989-ல் பேடண்டு உரிமை பெற்றார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 2005-06 வாக்கில் மாணவர்களுக்காக ஆயிரம் பெட்டி வீடுகள் அடுக்கப்பட்டன. ஜப்பானில் 2011-ம் வருஷம் சுனாமி வந்து ஓனகாவா என்ற கடற்கரை ஊரைத் துடைத்துக் கொண்டு போன பிறகு, வீடிழந்தவர்களுக்கு இடம் தர அங்கே சமதரையே அகப்படவில்லை. ஷிகெரு பான் என்ற சிற்பி ஒரு விளையாட்டு மைதானத்தில், சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல ஒன்று விட்டு ஒன்றாகப் பெட்டிகளை மூன்று மாடி வரை அடுக்கி, இடையே இருந்த வெற்றிடங்களையும் அறைகளாக்கி, ஏறக்குறைய 190 குடும்பங்களுக்கு நிழல் கொடுத்தார். நம் பக்கத்திலும் இதற்கு உறவான முயற்சி ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த மாடுலஸ் ஹௌஸிங் என்ற ஸ்தாபனம், மடித்து லாரியில் ஏற்றிக் கொண்டு போய் விரித்து வைக்கக்கூடிய சிறு ஆஸ்பத்திரி ஒன்றைச் செய்து, 2020-ம் வருஷம் கொரோனாக் காலத்தில் கேரளத்து வயநாட்டில் நிறுவிற்று.

இவற்றையெல்லாம் படித்து விட்டு, நிலத்தில் ஒரு துண்டும் கையில் கொஞ்சம் பணமும் உள்ள நம் நண்பர்கள் சிலர் 'நாமும் ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் என்ன?' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் குளிரை வெளியே நிறுத்துவதுதான் பிரச்னை. எண்ணூரில் பிரச்னை வேறு.

முதலில் பெட்டியின் அளவைப் பார்ப்போம். இருபதடிப் பெட்டி என்பது ஏறக்குறைய இருபது அடி நீளம், எட்டு அடி அகலம், எட்டரை அடி உயரம். வெறும் பெட்டி இரண்டேகால் டன் எடையிருக்கும். முழுச் சரக்கோடு முப்பது டன் தாங்கும். உள்ளே அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.39 மீட்டர், தரை சுமார் 150 சதுர அடி. நமது தேசியக் கட்டட விதித் தொகுப்பை எடுத்துப் பார்த்தால், குடியிருக்கும் அறைக்கு அகலம் குறைந்தது 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர் என்றிருக்கிறது. குளிர்சாதனம் வைத்த அறைக்கு மட்டும் உயரத்தில் 2.4 வரை சலுகை. ஆக, சாதாரணப் பெட்டி ஒன்றும் செய்வதற்கு முன்பே அகலத்தில் இரண்டு அங்குலமும் உயரத்தில் ஓர் அடிக்கு மேலும் குறைந்து நிற்கிறது. உட்புறம் பலகை அடித்தால் இன்னும் குறையும். 'ஹை கியூப்' என்று ஓரடி உயரம் அதிகமான பெட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றின் உட்புற உயரம் 2.69 மீட்டர். வாங்குகிறவர்கள் அதையே வாங்குவது நலம். அகலத்தைப் பெருக்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து நடுச் சுவரை எடுத்து விடுவதே வழி.

நடுச் சுவரை எடுக்கும் போதும், ஜன்னலுக்கு வாய் திறக்கும் போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் பலம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. எட்டுப் பெட்டி உயரம் அடுக்கினாலும் பாரம் முழுவதும் மூலை வழியாகவே இறங்கும். ஆனால் பக்கச் சுவரின் மடிப்புத் தகடு சும்மா நிற்கவில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத அந்தத் தகடுதான் பெட்டியைக் கோணாமல் பிடித்துக் கொள்கிறது. அதில் பெரிய துவாரம் வெட்டினால், சுற்றிலும் இரும்புச் சதுரக் குழாயில் சட்டம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். வெட்டின வாயிலும் வெல்டிங் செய்த இடத்திலும் அன்றைக்கே துத்தநாகப் பூச்சுக் கொடுக்க வேண்டும். பெட்டியின் இரும்பு துருவை எதிர்க்கும் ஜாதி என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அது உண்மையே, ஆயினும் கடலுப்பு ஓயாமல் படியும் இடத்தில் அந்த ஜாதியின் வீரமும் குன்றிப் போகும்.

நிற்க. இனி வெயிலைப் பற்றிப் பேசலாம். இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததே வெயிலினால்தான்.

சித்திரை வைகாசியில் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர்க் கூரையில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய ஒரு கிலோவாட். இருபதடிப் பெட்டியின் கூரை பதினைந்து சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது பன்னிரண்டு பதினான்கு மின்சார இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றிக் கூரை மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்ததற்குச் சமானம். கறுப்போ கருஞ்சிவப்போ பூசிய தகடு அறுபது எழுபது டிகிரிக்குக் கொதிக்கும். அதன் அடியில் தடை ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் காற்றின் உஷ்ணத்தோடு கூரையின் அனலும் தலையில் இறங்குகிறது. ஒரு டன் குளிர்சாதன யந்திரம் வாங்கி மாட்டினால் தீர்ந்து விடாதா என்று கேட்கலாம். அந்த யந்திரம் வெளியே தள்ளக்கூடிய உஷ்ணம் மூன்றரைக் கிலோவாட். நாம் போட்ட கணக்கில், வெறுங் கூரை ஒன்றே நடுப்பகலில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் உள்ளே அனுப்புகிறது. சுவர்களின் பங்கு தனி. யந்திரம் ஓடிக் கொண்டேயிருக்கும். மின்சாரக் கட்டணம் ஏறிக் கொண்டேயிருக்கும். மனிதன் வியர்த்துக் கொண்டேயிருப்பான்.

அதே கூரைக்கு அடியில் மூன்று அங்குலம் பாலியூரிதேன் நுரையை ஒட்டி விட்டால், உள்ளே வரும் உஷ்ணம் கால் கிலோவாட்டுக்குள் அடங்கிப் போகிறது. காரணம் எளிது. இரும்பு உஷ்ணத்தைக் கடத்துவதில் நுரையைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு தாராளம். ஆகவே பெட்டி வீட்டுக்காரர் இரும்புக்குக் கொடுக்கும் பணத்தை விட அந்த மூன்று அங்குலத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும். நடைமுறையில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. பெட்டியைப் பேரம் பேசி வாங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு வைக்கிறார்கள். வண்ண விளக்குத் தொங்க விடுகிறார்கள். கடைசியில் மிஞ்சின சில்லறைக்கு ஒரு விரற்கடைத் தெர்மாகோல் ஒட்டி அதன் மேல் பிளைவுட் அடித்து முடித்து விடுகிறார்கள்.

நுரை, ராக்வூல், கிளாஸ்வூல், தெர்மாகோல் என்று கடையில் பல வகை உண்டு. தடுக்கும் சக்தியில் இவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். ஆனால் கடற்கரையில் தீர்மானம் செய்வது உஷ்ணம் மட்டும் அன்று, ஈரமும்தான். எண்ணூர்க் காற்றில் ஈரம் மிகுதி. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்துக் கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவே பெட்டிக்கும் நடக்கிறது. மேகமில்லாத இரவில் இரும்புக் கூரை தன் உஷ்ணத்தை வானத்துக்கு விட்டுக் காற்றை விடக் குளிர்ந்து போகிறது. உள்ளே உள்ள ஈரக் காற்று அந்தத் தகட்டில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டுகிறது. கப்பல்காரர்கள் இதைப் 'பெட்டி மழை' என்கிறார்கள். சரக்கு நனைந்தால் அதற்கு வாய் கிடையாது, படுத்திருப்பவருக்கு உண்டு.

கம்பளி போன்ற ராக்வூலைத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே தளர்ச்சியாக அடைத்தால், காற்று அதன் ஊடே புகுந்து தகட்டை அடைந்து நீராகிவிடும். கம்பளி நனைந்தால் தடுக்கும் சக்தி போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் துருவும் பூஞ்சணமும் வளரும். அதனால்தான் இம்மாதிரி இடங்களில் தகட்டோடு தகடாய் ஒட்டிக் கொள்ளும்படி பீச்சியடிக்கிற நுரையை அனுபவசாலிகள் விரும்புகிறார்கள். இடைவெளி இல்லையேல் ஈரம் தங்க இடமில்லை. மடிப்புத் தகட்டின் பள்ளங்களிலும் அது ஒழுங்காக நிரம்பும். ஒரு குறை: நுரை எரியும், எரியும் போது வரும் புகை விஷம். ஆகையால் அதை வெறுமனே விட்டு வைக்கலாகாது. மேலே ஜிப்சம் பலகையோ சிமெண்டுப் பலகையோ வைத்து மூட வேண்டும். அந்தப் பலகையைத் தாங்கும் சட்டங்கள் மரமாயிருப்பது நல்லது. தகட்டில் நேரே பற்ற வைத்த இரும்புச் சட்டம், நுரைக்கு நடுவே வெயிலுக்குப் போட்ட பாலமாகிவிடும்.

தரையையும் சொல்லி விட வேண்டும். பெட்டியின் தரை 28 மில்லிமீட்டர்ப் பிளைவுட். பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றியது. கதவில் அடித்திருக்கும் தகட்டில் எந்த வருஷத்துப் பெட்டி, எவ்வளவு பாரம், மரத்துக்கு என்ன மருந்து என்பவை பொறிக்கப்பட்டிருக்கும். குழந்தைகள் தவழப் போகும் வீடு என்றால் அந்தப் பலகையைப் பெயர்த்து எறிவது உத்தமம். முடியாவிடில் எபாக்ஸிப் பூச்சினால் மூடி அதன் மேல் வேறு தளம் போடலாம். முன்பு என்ன சரக்கு ஏற்றினார்கள், என்ன புகை போட்டார்கள் என்பதை விற்கிறவரிடம் வற்புறுத்திக் கேட்பதில் தவறில்லை.

இவ்வளவும் உள்ளே செய்ய வேண்டியவை. ஆனால் வெயிலை உள்ளே வர விட்டுப் பிறகு மல்லுக்கு நிற்பதை விட வாசலிலேயே நிறுத்துவது புத்திசாலித்தனம். இதை நாம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமாக 1856-ல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் இன்னும் சில 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாகக் கோணல் வரிசையில் அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை அது. பகல் முழுவதும் வெயிலைத் தன் உடம்பில் வாங்கி வைத்துக் கொண்டு சாவகாசமாகவே கீழே விடும். பெட்டிக்கு அத்தகைய கனம் கிடையாது. சூரியன் உதித்தால் உடனே கொதிக்கும். மறைந்தால் உடனே ஆறும். கனமில்லாதவனுக்கு நிழல்தான் துணை.

ஆகவே பெட்டியின் தலைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட வேண்டும். தகரமானாலும் சரி, தென்னங் கீற்றானாலும் சரி. கீற்றென்றால் அடிக்கடி மாற்ற வேண்டும், நெருப்புக்கும் அஞ்ச வேண்டும். நாலு பக்கமும் மூன்றடி வெளியே நீண்டிருந்தால் சுவருக்கும் நிழல் கிடைக்கும். மழையும் ஜன்னலில் அடிக்காது. இடையிலுள்ள ஓரடியில் காற்று ஓடி உஷ்ணத்தை வாரிக் கொண்டு போகும். பெட்டிக்கு வெள்ளை பூசினால் இன்னும் விசேஷம். நீளமான பக்கங்கள் தெற்கும் வடக்கும் பார்க்க, குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க வைத்தால், காலை மாலை வெயிலுக்கு அகப்படுவது சிறு சுவர்களே. கடற்காற்று கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து எழும். அந்தப் பக்கம் ஒரு திறப்பும் எதிர்ப்பக்கம் ஒரு திறப்பும் இருந்தால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு யந்திரத்தை நிறுத்தி விட்டுக் காற்று வாங்கலாம். அனல் மின் நிலையத்தின் சாம்பலும் லாரிகளின் தூசியும் கூடவே வரும் என்பதை மறைப்பதற்கில்லை. ஜன்னலுக்குக் கொசு வலையோடு தடித்த திரைச் சீலையும் தேவை.

காற்றென்றதும் புயல் ஞாபகத்துக்கு வருகிறது. இரும்புப் பெட்டிதானே, எங்கே போகப் போகிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும். சென்னைக் கட்டடங்களுக்கு விதிக்கப்பட்டிருக்கும் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இருபதடிப் பெட்டியின் நீளப் பக்கத்தில் விழும் தள்ளு ஏறக்குறைய இரண்டரை டன். வெறும் பெட்டியின் எடையோ இரண்டேகால் டன். கட்டிப் போடாவிட்டால் பெட்டி கவிழ இடமுண்டு. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னைக் கரையைக் கடந்ததை வடசென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாலு மூலைக்கும் கான்கிரீட் பீடம் கட்டி, மூலை வார்ப்புகளை அதில் பதித்த தகட்டோடு பூட்ட வேண்டும். பீடம் உயரமாகவும் இருக்கட்டும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் புகுந்தது வெள்ளம் மாத்திரமன்று, எண்ணெய் கலந்த வெள்ளம். பெட்டியைத் தூக்கி வைப்பதால் அனுமதி வேண்டாம் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். குடியிருந்தால் அது கட்டடமே. கடலோரமானால் கடற்கரை ஒழுங்கு விதிகளும் கூட வரும்.

இதுவரை எழுதியது, ஆசைப்பட்டுப் பெட்டியில் குடியேறுகிறவர்களுக்கு. ஆசைப்படாமலே அதில் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொகைதான் அதிகம். துறைமுகமும் மின் நிலையமும் கட்டும் இடங்களில் எல்லாம், ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தகரக் கூடங்களில் கட்டிலுக்கு மேல் கட்டிலாகத் தூங்குவதைக் காணலாம். கிடங்கு வாசலில் காவற்காரரின் அறையும் அநேகமாக ஒரு பழைய பெட்டியே. 2025 வரை அமலில் இருந்த, கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ம் வருஷத்துச் சட்டத்தின் 34-ம் பிரிவு, முதலாளி தம் செலவில் அவர்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்றும், சமைக்க, குளிக்க, துவைக்கத் தனியிடம் வேண்டும் என்றும் சொல்லிற்று. வெயிலைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. இரவு வேலை பார்த்து விட்டு வந்த ஒருவன் காலை பத்து மணிக்குப் படுத்தால், அவனுக்கு மேலே இருப்பது நாம் முன்பு சொன்ன பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகள். தூக்கமில்லாத அந்த மனிதன்தான் மறுநாள் இரவு முப்பது டன் பெட்டி தொங்கும் கிரேனின் அடியில் நின்று கை காட்ட வேண்டியவன்.

ஒரு கூடத்துக்கு நுரை பீச்சியடிக்கும் செலவுக்குக் காண்டிராக்டர்கள் தயங்கினாலும் தயங்கலாம். கூரைக்கு வெள்ளை பூசுவது இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. பத்துக் கூடங்களை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சவுக்குக் கம்பு நட்டு ஒரே பந்தலாக மேற்கூரை போடுவது நம் ஊர்ப் பந்தல்காரர்களுக்கு மூன்று நாள் வேலை. வேலை முடிந்ததும் பந்தலைப் பிரித்துக் கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். பெட்டியைப் போலவே அதுவும் லாரியில் ஏறும்.